ஓடக் கூடாத இடம்

சோலைமலை வீட்டில் யாரும் ஓடுவதில்லை. மழை வந்தால் கொடியில் காயும் துணியை மனைவி ராமுத்தாய் நடந்து போய்த்தான் எடுக்க வேண்டும். பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் நடைதான். மகள் கீர்த்திகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தால், திரும்பவும் தெருமுனைக்குப் போய் நடந்து வரச் சொல்லுவார் சோலைமலை. "சோலைமலை வீட்டுல கோழிகூட நடந்துதான் இரை பொறுக்கும்" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்குக் கோபம் வராது. சிரிக்கவும் மாட்டார்.

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். அங்கே மெதுவாக நடக்க வேண்டும், எதையும் மெதுவாக வைக்க வேண்டும், எதையும் எதன் மேலும் தேய்க்கக் கூடாது. ஓடலாகாது. ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் ஓடலாம். அப்படி ஒருவர் ஓடினால் மற்றவர்கள் காரணம் கேட்காமல் ஓட வேண்டும். போர்மேன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக வர வேண்டும். எழுதிப் போட்ட விதியும் இருக்கிறது, எழுதாமல் எலும்புக்குள் இறங்கிய விதியும் இருக்கிறது. இது இரண்டாவது வகை.

மல்லாங்கிணற்றில் அவர் குடும்பத்துக்கு மானாவாரி நிலம் உண்டு. மழை தொடர்ந்து பொய்த்ததால் வாலிப வயதில் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தார். சேர்ந்த மறு வருஷம் அடுத்த வரிசை ரூமில் ஒரு விபத்து. வெடிச் சத்தத்துக்கு முன்னால் அவர் காதில் விழுந்தது காலடிச் சத்தம். தடதடவென்று மண்ணில் விழும் வெறுங்கால்கள். கூட வேலை பார்த்தவன், "என்னலே அது?" என்று வாசலில் தலையை நீட்டிப் பார்த்தான். சோலைமலை பார்க்கவில்லை. ஓடினார். அதனால் அவர் இன்றைக்கும் இருக்கிறார். அன்றிலிருந்து ஓடும் கால்களின் சத்தம் எங்கே கேட்டாலும் அவருக்கு வேர்த்துவிடும். கல்யாண மண்டபத்தில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடினால், பந்தியிலிருந்து எழுந்து வெளிவாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வந்துதான் மறுபடி உட்காருவார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகள் ஓட்டக்காரி.

கீர்த்திகா கல்லூரியில் சேர்ந்த வருஷம், விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டத்துக்கு ஆள் குறைந்தது என்று யாரோ அவளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். பிறந்ததிலிருந்து வீட்டில் ஓடாமல் அடக்கி வைத்திருந்த ஓட்டமெல்லாம் அன்றைக்குக் கால் வழியாக வந்துவிட்டது போலிருக்கிறது. வாங்கிய கோப்பையை ராமுத்தாய் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அதைக் கண்டுபிடித்த அன்று சோலைமலை சாப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவரிடம் காரணம் எதுவும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. பயத்தைக் காரணமாகச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால் பேசாமல் இருந்துவிட்டார். மகள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் வருஷத்தில் அவள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடத் தொடங்கினாள். புரட்டாசியில் பல்கலைக்கழகப் போட்டி. கல்லூரியில் செம்மண் தடம் போட்ட பெரிய மைதானம் இருக்கிறது. ஆனால் காலையில் அது பையன்களுக்கு. வெள்ளாப்பில் திறந்து வகுப்பு தொடங்கும்வரை அவர்கள் ஓடலாம், பந்து ஆடலாம், முடித்ததும் ஆளுக்கு ஒரு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் உண்டு. "காலைப் பயிற்சி மாணவர்களுக்கு மட்டும்" என்று இரும்புக் கதவில் பலகை தொங்கும். பெண் பிள்ளைகளுக்கு மதியம், தார் உருகுகிற வெயிலில் கொஞ்ச நேரம். பாலும் கிடையாது, முட்டையும் கிடையாது. முள் வைத்த ஓட்டக் காலணியில் இரண்டு ஜோடி இருந்தது. அளவு யாருக்குச் சேருகிறதோ அவர்கள் போட்டுக்கொள்ள வேண்டியது.

கீர்த்திகாவும் மற்றப் பிள்ளைகளும் உடற்கல்வி இயக்குநர் ஸ்ரீராம்குமாரிடம் பல முறை கேட்டார்கள்.

"காலைல பொம்பளப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லம்மா" என்றார் அவர்.

"அப்ப நாங்க ரோட்டுலதான் சார் ஓடணும். ரோட்டுல பாதுகாப்பு இருக்கா?"

"ரோடு காலேஜுக்குச் சொந்தமில்லையே" என்றார்.

எனவே அவள் ரோட்டில் ஓடினாள். விடிந்தும் விடியாத நேரத்தில் அவள் முன்னால் ஓட, சோலைமலை தன் பழைய மொபெட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். வண்டிச் சத்தம் அவளது காலடிச் சத்தத்தை மறைத்துவிடும். அது அவருக்கு ஒரு வகையில் வசதியாக இருந்தது. டீக்கடை வாசலில் எவனாவது, "ஏ தங்கச்சி, பஸ்ஸ விட்டுட்டியா?" என்பான். பின்னால் வரும் மொபெட்டைப் பார்த்ததும், "ஓ, பஸ்ஸே பின்னாலதான் வருதா!" என்று சேர்த்துக்கொள்வான். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். இவர் அத்தனை முகத்தையும் பார்த்துக்கொண்டே போவார்.

ஆவணி பிறந்ததும் தீபாவளிச் சீசன் சூடு பிடித்தது. வடக்கே போகிற லோடு லாரிகள் இருட்டோடு கிளம்பின. ஒரு நாள் ஒரு லாரி வளைவில் ஒதுங்கி வந்து, கீர்த்திகாவின் தோளை உரசாத குறையாகப் போனது. அவள் சாலையோரக் கருவேல முள்ளில் போய் விழுந்தாள். அடி பெரிதில்லை. சோலைமலைக்குத்தான் அன்று முழுக்கத் தன் கை மேல் நம்பிக்கை இல்லை. வெடிமருந்து ரூம் பக்கமே போகாமல் வெளியே நின்று மேற்பார்வை பார்த்தார்.

ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னார்: "இனிமே ரோட்டுல போகாத. கம்பெனி வேலியோரம் வண்டிப்பாதை போகுதுல்ல, அதுல போ. அங்கன லாரி வராது."

"சரிப்பா."

"நாளையில இருந்து நான் வெள்ளனமே வேலைக்குப் போகணும். ஆர்டர் நெருக்குது. தனியாப் போகாத. கூட்டாளிப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போ."

"சரிப்பா."

அவள் இரண்டையும் அப்படியே கேட்டாள். அதுதான் வினையாகப் போனது.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே மருந்துக் கலவை தொடங்கியிருந்தது. கலவை நடக்கும் நேரத்தில் கம்பெனியில் ஒரு மௌனம் இருக்கும். இருமல்கூட அடங்கியிருக்கும். வேலியை ஒட்டிய வரிசையில் பேச்சியம்மாள் பூச்சட்டி வாணத்துக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தார். சோலைமலையைவிட மூத்தவர், அவரைத் தம்பி என்று கூப்பிடும் உரிமை கொண்டவர். சோலைமலை அந்த ரூமைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்.

அப்போது அது கேட்டது. தடதடதடவென்று, மண்ணில், பல கால்கள்.

எந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் கையிலிருந்த மருந்துத் தட்டைப் பாய் மேல் பூப்போல வைத்தார். உயிருக்குப் பயந்து ஓடும்போதும் தட்டைப் போட்டுவிட்டு ஓடக் கூடாது, வைத்துவிட்டு ஓட வேண்டும். வைத்துவிட்டு ஓடினார். அடுத்த ரூமிலிருந்து நாலு பேர் ஓடினார்கள். அவர்களைப் பார்த்து அதற்கடுத்த ரூம். கண்மூடித் திறப்பதற்குள் கம்பெனி முழுவதும் ஓடியது. சோலைமலையும் ஓடினார். போர்மேன் கடைசி என்பது அவர் கால்களுக்கு மறந்துபோயிற்று. பேச்சியம்மாள் வரப்பில் தடுக்கி விழுந்து, "ஏ தம்பி!" என்று கையை நீட்டினார். அந்தக் கையை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்.

வேலிக்கு வெளியே ஏழு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் கூட்டமாக வேலிக் கம்பிக்குள் நுழைந்து தங்களை நோக்கி ஓடி வருவதை அவர்கள் பார்த்தார்கள். எல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். கம்பெனிக்குள்ளிருந்து ஆட்கள் ஓடி வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலறிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து இவர்களும் வேகம் பிடித்தார்கள். இப்படி ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டு இரண்டு கூட்டமும் காட்டுக்குள் ஓடியது.

ஏழு பேரில் ஒருத்தி மட்டும் நின்றாள். திரும்பினாள். கம்பெனியைப் பார்த்து ஓடி வந்தாள்.

"அப்பா! அப்பா!"

வேலிக் கம்பியை எட்டிய சோலைமலை அதைப் பார்த்தார். ஆயுளில் அவர் பார்த்த பயங்கரங்களில் அதுதான் பெரியது. எல்லோரும் விலகி ஓடும் இடத்துக்குள் தன் மகள் ஓடி வருகிறாள். "வராத பிள்ள! திரும்பு! வராத!" என்று கத்தினார். குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியாது. அவள் வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வேலிக் கம்பியின் இரண்டு பக்கமும் நின்று, வெடிக்கப்போவதற்காகக் காத்திருந்தார்கள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. எங்கேயோ ஒரு செம்போத்து கூவிற்று. கொஞ்ச நேரத்தில், வரப்பில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளின் குரல் கேட்டது:

"எவன்லே மொதல்ல ஓடுனது?"

மத்தியானத்துக்குள் விஷயம் சிவகாசி முழுக்கப் பரவி, கம்பெனி தரைமட்டமாகிவிட்டதாக முடிந்தது. வாட்ஸ்அப்பில் வேறு எங்கோ, எப்போதோ எரிந்த புகைப்படம் ஒன்றும் சுற்றியது. காரியாபட்டியிலிருந்து ராமுத்தாயின் அண்ணன் அழுதுகொண்டே வந்து இறங்கி, வாசலில் சோலைமலை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். பேச்சியம்மாளுக்குக் கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். அன்றைய வேலை நின்றது. ராத்திரியே தகவல் வந்தது: நாளைக் காலை முதலாளி ஆபீசுக்கு வரச் சொல்கிறார், மகளையும் கூட்டிக்கொண்டு.

முதலாளி முத்துக்கிருஷ்ணன்தான் கல்லூரிக்கும் செயலாளர். ஊரில் அவரை அண்ணாச்சி என்பார்கள், கம்பெனி ஆட்கள் முதலாளி என்பார்கள். இரண்டு பெயராலும் ஒரே மனிதரைக் கூப்பிடுவதில் உள்ள ஆபத்து சோலைமலைக்கு அன்றுதான் உறைத்தது. ஒரு வாய் வார்த்தையில் தன் வேலையும் போகலாம், மகள் படிப்பும் போகலாம். வழி நெடுக அவளிடம், "நீ பேசாத, நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்ன பேசுவது என்று அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆபீசில் ஸ்ரீராம்குமார் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார். முதலாளி யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

"ஊருல எவன் பாத்தாலும் துக்கம் விசாரிக்கிறான்யா எங்கிட்ட. ‘அண்ணாச்சி, கம்பெனி போயிருச்சாமே’ன்னு. ஒரு பொறி விழல. எதுக்கு சோலைமலை ஓடினீக?"

"காலடிச் சத்தம் கேட்டுச்சு, மொதலாளி."

"யாரு காலடி?"

"எம் மகளும் அவ கூட்டாளிப் பிள்ளைகளும்."

"பொம்பளப் பிள்ளைகளுக்கு விடியக்காலம் எங் கம்பெனி வேலியோரம் என்ன சோலி?"

சோலைமலை முந்திக்கொண்டார். "நாந்தான் அந்த வழியாப் போகச் சொன்னேன். ரோட்டுல லோடு லாரி உரசிட்டுப் போகுது. அதான்."

சொல்லிவிட்டு, தலையில் இடி விழக் காத்திருப்பவர் போல நின்றார். முதலாளி கீர்த்திகாவின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஓடுறதுக்குத்தானே அம்புட்டுப் பெரிய கிரவுண்டு போட்டு வச்சிருக்கு?"

"எங்கள உள்ள விட மாட்டேங்காக, அண்ணாச்சி."

சோலைமலை மகளின் முழங்கையை இடித்தார். அவள் கவனிக்கவில்லை.

"காலைல பாய்ஸ் மட்டும்னு கமிட்டி முடிவு சார்" என்றார் ஸ்ரீராம்குமார். "முன்னால ஒரு பையன், காலைப் பிராக்டீசுக்கு வந்த ஒரு பிள்ளைட்ட லவ் சீட்டு எழுதிக் கொடுத்துட்டான். பெத்தவங்க வந்து சத்தம் போட்டாங்க. அதுல இருந்து கேர்ல்ஸ் காலைல வேண்டாம்னு நீங்கதான்…"

"ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு."

"சீட்டு எழுதுனது பையன், அண்ணாச்சி" என்றாள் கீர்த்திகா. "பூட்டு எங்களுக்கா?"

சோலைமலைக்கு அந்த அறையில் வெளியே போக ஒரு கதவுதான் இருக்கிறது என்பது தெரிந்தது. அதை அடைத்துக்கொண்டு ஸ்ரீராம்குமார் நின்றார்.

"வாய் நீளம்தான்" என்றார் முதலாளி. கோபமாகத்தான் சொன்னார். "காலைல எத்தன பசங்கய்யா வாரானுக?"

"போட்டி சமயத்துல நெறைய வருவாங்க சார்."

"இப்ப?"

"இப்ப… ஏழெட்டுப் பேரு. கிரிக்கெட் பசங்கதான்."

முதலாளி மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். "இங்க பாரு சோலைமலை. நீ இம்புட்டு வருசமா எங்கிட்ட இருக்க. உன் மகளுக்கு மட்டும் காலைல திறந்து விடச் சொல்லுதேன். வாட்ச்மேன் கூட நிப்பான். பாலும் முட்டையும் வாங்கிக்கிடட்டும். மத்தப் பிள்ளைகளுக்கெல்லாம் என்னால பொறுப்பு ஏத்துக்கிட முடியாது. வேலியோரம் ஒரு பிள்ளை காலு வைக்கக் கூடாது. சரிதானா?"

அந்தக் கணத்தில் சோலைமலையின் உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியது. இனி லாரி இல்லை. டீக்கடை முகங்கள் இல்லை. பூட்டிய கதவுக்குள்ளே, வாட்ச்மேன் கண்ணெதிரே மகள் ஓடுவாள். வேலையும் இருக்கும், படிப்பும் இருக்கும். சரி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முடிவை அவரிடமே விட்டிருந்தாள்.

வரப்பில் நீண்டிருந்த பேச்சியம்மாளின் கை அவர் கண் முன்னால் வந்தது. தாண்டிப் போனபோது கட்டைவிரலில் ஒட்டியிருந்த அலுமினியப் பொடி மினுங்கியதுகூடத் தெரிந்தது.

"மொதலாளி" என்றார். "போர்மேன் கடைசியாத்தான் வெளிய வரணும்னு நீகதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீக."

"அதுக்கு?"

"நேத்து நான் கடைசிக்கு நிக்காம ஓடிட்டேன். பேச்சியக்கா விழுந்து கெடந்தாக. தாண்டித்தான் ஓடுனேன். ராத்திரிப் பூரா கண்ண மூட முடியல." அவர் கைகளை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இன்னைக்கு எம் மகள மட்டும் கூட்டிட்டுப் பத்திரமா வெளிய வந்துட்டேன்னா, அதுவும் அது கணக்காத்தான. ஆறு பிள்ளைக வெளிய நிக்குதுக. திறந்தா எல்லாருக்கும் திறக்கச் சொல்லுங்க. இல்லன்னா எம் மகளுக்கும் வேண்டாம். அவள ஓட வேண்டாம்னு சொல்லிப்புடுதேன்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது மகள் தலை நிமிர்ந்ததை அவர் உணர்ந்தார். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

முதலாளியின் முகம் சிவந்தது. "எனக்கே நிபந்தனையா?" என்றார். பேனாவை மேசையில் போட்டார். "நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம். நான் சொல்லி அனுப்புதேன்."

சொல்லி அனுப்பினால்தான் வேலை. சொல்லி அனுப்பாவிட்டால்?

சீசன் நேரத்தில் ஒரு போர்மேன் வீட்டில் உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரிந்துவிடும். விடியற்காலை கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது அவர் அனிச்சையாக எழுந்து நிற்பார், பிறகு உட்காருவார். சுவரில் சாய்ந்து மழை மேகத்தைப் பார்ப்பார். தன் இடத்தில் யார் நிற்கிறார்கள், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் ஆட்கள் மருந்து ரூமுக்குள் போகிறார்களா, எவனாவது நைலான் சட்டை போட்டு வந்திருப்பானா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கீர்த்திகா காலையில் எழுந்து, தலை வாரி, ரோட்டில் ஓடும் தன் காலணியைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். வெயில் ஏறியதும் கழற்றி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போவாள். அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்கு அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"போட்டில தோத்தா எம்மேல வருத்தமா இருக்குமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"தோக்குறதுக்கு மொதல்ல ஓடணும்லப்பா" என்றாள்.

ராமுத்தாய் பேச்சியம்மாளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். சோலைமலையும் கூடப் போக நினைத்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மூன்றாம் முறை போனபோது உள்ளே போனார். கட்டிலருகே நின்றார்.

"என்ன தம்பி, நடந்தே வந்துட்டியா?" என்றார் பேச்சியம்மாள். "ஓடி வருவேன்னுல்ல பாத்தேன்."

அடுத்த கட்டில்காரி சிரித்துவிட்டாள்.

"யக்கா, அன்னைக்கு உங்க கைய…"

"விடுலே. எம்மேல விழாமத் தாண்டுனியே, அதுவே பெரிசு." பேச்சியம்மாள் மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் நகர்த்தி வைத்தார். "நேத்து மொதலாளி வந்தாக. ஆப்பிளு, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு. ‘அந்தப் பிள்ளைக ஓடுனதாலதான உனக்கு இந்த நெலம’ன்னாக. நான் சொன்னேன், ‘மொதலாளி, அதுக வேலியோரம் ஓடாட்டா ரோட்டுல ஓடும், ரோட்டுல ஓடாட்டா கம்மாய்க் கரையில ஓடும். வயசுப் பிள்ளைக கால எங்கன கொண்டுபோய்க் கட்டிப் போடுவீக? எங்கிட்டு ஓடுனாலும் நாங்க கேட்டுட்டு விழுந்தடிச்சு ஓடணுமா? எனக்கு இன்னொரு காலுதான் பாக்கி இருக்கு’ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. ஆப்பிளத் திங்கச் சொன்னாக."

இரண்டு நாள் கழித்து மேனேஜர் போன் செய்தார். மறுநாள் வேலைக்கு வரச் சொல்லி உத்தரவு. வேறு எதுவும் சொல்லவில்லை. சோலைமலை போனை வைத்துவிட்டு, மைதானத்தைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார். மறுபடி கூப்பிடலாமா என்று எண்களை அழுத்தி, பாதியில் நிறுத்தினார்.

செய்தி சாயங்காலம் கீர்த்திகாவோடு வந்தது. பலகையில் "மாணவர்களுக்கு மட்டும்" என்ற வரியின் மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறதாம். கீழே புது வரி எதுவும் எழுதவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஏழு பேரும் காலையில் வரலாம், பல்கலைக்கழகப் போட்டி முடியும்வரை.

"முடிஞ்ச பெறகு?" என்றார் சோலைமலை.

"அதத்தான் நானும் கேட்டேன். ‘பெறகு பாக்கலாம்’னாரு சார்."

"பாலு, முட்டை?"

"அதுக்குக் கமிட்டி கூடணுமாம்." அவள் காலணியைப் புரட்டிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்காது, அப்பா. ஒரு நல்ல மழை பெஞ்சா அந்த எழுத்து திரும்ப வந்துரும்."

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சோலைமலை அன்று இரவு படுக்கப் போகும் முன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனிக்காரன் மழைக்குப் பயப்படுவது புதிதில்லை. இது வேறு பயம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு மைதான வாசலில் இறக்கிவிட்டார். மற்ற ஆறு பேரும் அங்கே ஒரே கொத்தாக நின்றார்கள். வாட்ச்மேன் தங்கப்பாண்டியன் கதவைத் திறந்தான். உள்ளே இருந்த பையன்கள் மட்டையைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள். ஒருவன் ஏதோ சொல்ல, இன்னொருவன் சிரித்தான். பந்து தடத்தின் குறுக்கே உருண்டு வந்தது. கீர்த்திகா அதை எடுத்து அவர்களைப் பார்த்து எறிந்துவிட்டு, தடத்தில் போய் நின்றாள். ஸ்ரீராம்குமார் வேண்டா வெறுப்பாக விசிலை ஊதினார்.

ஏழு பேர் ஓடினார்கள்.

சோலைமலை வெளியே மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். மறைப்பதற்கு வண்டிச் சத்தம் இல்லை. செம்மண்ணில் அந்தக் கால்கள் தடதடவென்று அவரை நோக்கி வந்தன, வளைவில் திரும்பின, விலகிப் போயின, மறுபடி வந்தன. ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் அவர் தொடை தானாக இறுகி, ஒரு கால் தரையில் ஊன்றியது. ஓடத் தயாராக. அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் வரட்டும் என்று உட்கார்ந்தே இருந்தார்.

"என்னண்ணே, இம்புட்டு வேர்க்குது?" என்றான் தங்கப்பாண்டியன்.

"வெயிலு" என்றார் சோலைமலை.

தங்கப்பாண்டியன் கிழக்கே பார்த்தான். பொழுது இன்னும் கிளம்பவில்லை. அவன் கதவின் பூட்டை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கால்கள் ஓடி முடித்து நடைக்கு வரும்வரை சோலைமலை வண்டியைக் கிளப்பவில்லை. ஏழு பேரும் வெளியே வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கடைசி ஆளாகக் கிளம்பினார்.